ரேஸ் ஷூ வாங்கும் முன் சிசிலியில் ஒரு செருப்புக் கடைக்குப் போய் வருவோம்

ஒரு ரூபாய் நாணயத்தைத் தரையில் வையுங்கள். இப்போது காலில் போட்டிருக்கும் ஷூவோடு, பெருவிரலுக்குக் கீழே உருண்டையாக இருக்கிறதே, அந்த இடம் நாணயத்தின் மேல் படும்படி மெதுவாக அழுத்துங்கள். வாக்கிங் போகிற ஷூ என்றால் கீழே நாணயம் இருப்பதே தெரியாது. நல்ல ரேஸ் ஷூ போட்டு மிதித்தால் அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பந்தயக் காரில் பிரேக் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது, சக்கரம் எப்போது சுழலாமல் நின்றுவிடப் பார்க்கிறது என்பதெல்லாம் கால் வழியாகத்தான் மேலே வரும். நடுவில் 2 அங்குலத்துக்கு ஃபோம் இருந்தால் அந்தச் செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

கார்ட்டிங், அதாவது சின்னத் திறந்த பந்தய வண்டி ஓட்டப் பழக வரும் பையன்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, ஹெல்மெட்டுக்குச் செலவு பண்றது புரியுது, ஷூவுக்கு எதுக்கு இவ்வளவு?" நியாயமான கேள்வி. இந்த ஷூவில் இருக்கும் ஒவ்வொரு வளைவும் யாரோ ஓர் ஓட்டுநரின் கால் பட்ட பாட்டிலிருந்து வந்தது. அது தெரிந்துவிட்டால் கடையில் எங்கே தடவிப் பார்க்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் முதலில் கதை, அப்புறம் கடை.

இத்தாலியின் சிசிலித் தீவின் வடகரையில், பலேர்மோவுக்குக் கிழக்கே, செஃபலூ என்று ஒரு கடற்கரை ஊர். அதற்குப் பின்னால் மடோனியே மலைகள். அந்த மலைச்சாலைகளில்தான் வின்சென்சோ ஃப்ளோரியோ 1906-ல் தொடங்கிய டார்கா ஃப்ளோரியோ பந்தயம் நடந்தது. 1960-களில் சுற்று ஒன்றுக்கு 72 கிலோமீட்டர். தனியாகக் கட்டிய ஓடுதளம் கிடையாது, ஊர் மக்கள் போகிற வருகிற சாதாரண ரோடுதான், பந்தய நாளில் அடைத்துவிடுவார்கள். ஒரு சுற்றில் எண்ணூறுக்கு மேல் வளைவுகள் என்று சொல்வார்கள். 1965-ல் பத்துச் சுற்று, அதாவது 720 கிலோமீட்டர். அந்த வருடம் பலேர்மோ பள்ளி ஆசிரியர் நினோ வாக்கரெல்லாவும் லோரென்சோ பந்தினியும் ஃபெராரியில் ஜெயித்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணூறு வளைவு, பத்துச் சுற்று. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஆளுக்கு நாலாயிரம் வளைவு. எல்லாவற்றுக்கும் பிரேக் வேண்டாம்தான், ஆனாலும் பெரும்பாலான வளைவுக்கு முன்னால் வலது கால் செய்கிற வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். முன்பாதத்தின் இடது பக்கத்தால் பிரேக்கை அழுத்த வேண்டும். இடது கால் கிளட்சை மிதிக்கும், கை கியரைக் குறைக்கும். அதே சமயம் பிரேக்கை விடாமல், அழுத்தத்தையும் மாற்றாமல், வலது பாதத்தின் வெளி விளிம்பைச் சாய்த்து ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். எஞ்சின் வேகம் ஏறினால்தான் கிளட்சை விடும்போது பின்சக்கரம் உதறாது. இதற்கு ஹீல் அண்ட் டோ என்று பெயர். இதை மணிக்கணக்காக மலையில், வெயிலில், தகிக்கும் காருக்குள் செய்தால் சாதாரண ஷூ என்ன பாடு படுத்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

செஃபலூவில் ஃப்ரான்செஸ்கோ லிபர்ட்டோ என்று ஒரு செருப்புக் கைவினைஞர் இருந்தார். ஊரில் அவரைச் சிச்சோ என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தயத்துக்காக அந்தப் பக்கம் வந்து தங்கும் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அவர் கடைப் பக்கம்தான் நடமாடுவார்கள். 1960-களின் நடுவில் ஆல்ஃபா ரோமியோ கார் ஓட்டுநர்கள் இக்னாசியோ ஜுன்ட்டியும் நானி கல்லியும் அவரிடம் போய், காரோட்டத் தோதாக ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் செய்து தந்தது மெல்லிய தோலில், கையுறை மாதிரிக் காலோடு ஒட்டும் ஒரு ஷூ. சோல் மெலிது, ஓரத்தில் எதுவும் துருத்தவில்லை, காலில் எடையே தெரியாது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' அதுவரை அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1968 டார்கா ஃப்ளோரியோவில் இதே கல்லியும் ஜுன்ட்டியும் இரண்டாவதாக வந்தார்கள். பின்னாளில் ஜாக்கி இக்ஸ், கிளே ரெகசோனி, நிக்கி லாவ்டா என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்தச் சின்ன ஊர்க்காரர் கையால் ஷூ போட்டுக்கொண்டார்கள். ஒரு செருப்புக் கைவினைஞரிடம் ஓட்டுநர் உட்கார்ந்து 'இங்கே இடிக்கிறது, இங்கே வழுக்குகிறது' என்று சொன்னதிலிருந்து ஒரு தனி ஷூ பிறந்தது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். எந்த விளம்பரமும் இதைவிட நன்றாக அந்த ஷூவை விளக்க முடியாது.

சரி, கடைக்கு வருவோம். ஷூவைக் கையில் எடுத்ததும் முதலில் சோலைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. முதன்முதலாக ஒற்றை இருக்கைப் பயிற்சிக் காரில் உட்கார்ந்தபோது ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற ஷூவைத்தான் போட்டிருந்தேன். அந்த ஷூக்களில் சோல் காலைவிட அகலமாக, இரண்டு பக்கமும் தட்டு மாதிரி விரிந்திருக்கும். ஓடும்போது கால் மடங்காமல் இருக்க அது நல்லது. பயிற்சிக் காரில் பெடல்கள் இருக்கும் கால்பெட்டி அவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது சுற்றில் நேர்சாலை முடிவில் பிரேக்கை மிதித்தேன், கார் நின்றபாடில்லை, எஞ்சின் கத்துகிறது. சோலின் வலது விளிம்பு ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. காலை எடுத்து மறுபடி வைப்பதற்குள் தடத்தை விட்டு மண்ணில் இறங்கிவிட்டேன். காருக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியாளர் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, என் ஷூவைக் கழற்றச் சொல்லி, தன் ஷூவை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே சைஸ். என் சோல் ஒரு விரல் அகலத்துக்கு மேல் பெரிதாக இருந்தது.

அதனால் ஓரம். ரேஸ் ஷூவில் சோல் மேல்தோலோடு முடிந்துவிட வேண்டும், வெளியே ஒரு இழை கூட நீட்டக் கூடாது. மேலிருந்து பார்த்தால் சோலே தெரியக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் உங்கள் காரில் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கடையில் அதை வைத்துப் பார்த்தால் வேலை சுலபம்.

அடுத்தது குதிகால். ரேஸ் ஷூவின் சோல் பின்பக்கம் தரையோடு நின்றுவிடாமல் குதிகாலைச் சுற்றி மேலே ஏறியிருக்கும், உருண்டையாக. ஒரு அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆபீஸ் ஷூவில் குதிகாலின் பின்விளிம்பு சதுரமாக இருப்பதால் கால் 'டக்' என்று ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவும். ரேஸ் ஷூவில் தாவல் இருக்காது, பந்து உருளுவது போல வழுவழுவென்று போகும். பிரேக்கை மெல்ல மெல்ல விட வேண்டிய இடத்தில் அந்தத் தாவல் வந்தால் காரின் மூக்கு ஆடும். கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்க்காதீர்கள், எப்போதும் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து. காரில் நீங்கள் நிற்கப் போவதில்லையே.

மேல்தோல் பெரும்பாலும் ஸ்வேட், அதாவது மேற்பரப்பு பஞ்சுபோல இருக்கும் மென்தோலாக இருக்கும். சிலதில் கங்காரு தோல் வரும், மெலிது, உறுதி, விலையும் அதற்கேற்ற மாதிரி. எது ஆனாலும் உள்ளே கையை விட்டு விரலால் துழாவுங்கள். சுண்டுவிரல் வரும் இடம், பெருவிரல் மூட்டு வரும் இடம், இரண்டிலும் தையல் மேடு தட்டுப்படக் கூடாது. கடையில் ஐந்து நிமிடத்தில் உறுத்தாத மேடு, காரில் இருபதாவது நிமிடத்தில் கொப்புளம் ஆகிவிடும். நல்ல ஷூக்களில் தையலை வெளிப்பக்கம் வைத்திருப்பார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் சிச்சோ காலத்துச் சங்கதி, பெடலும் காலும் பற்றியது. இனி நெருப்பு.

1965-ல் டார்கா ஃப்ளோரியோ ஜெயித்தார் என்று சொன்னேனே, அந்த லோரென்சோ பந்தினி, இரண்டு வருடம் கழித்து 1967 மே மாதம் மொனாக்கோ பந்தயத்தில் கார் கவிழ்ந்து தீப்பிடித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அதற்கு மூன்று வருடம் முன்னால் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் எடி சாக்ஸும் டேவ் மக்டொனால்டும் ஒரே விபத்துத் தீயில் போனார்கள். பந்தயக் காரில் ஓட்டுபவரைச் சுற்றி பெட்ரோல்தான் இருந்தது அந்த நாட்களில். டூபான்ட் நிறுவனத்தின் நோமெக்ஸ் என்ற இழை 1960-களின் பின்பாதியில் சந்தைக்கு வந்தது. நைலான் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நோமெக்ஸ் உருகாது, கருகித் தடிக்கும், தடித்து சூட்டுக்கும் தோலுக்கும் நடுவே நிற்கும், நெருப்பை எடுத்துவிட்டால் தானே அணைந்துவிடும். முதலில் உடல் முழுக்க மூடும் மேலுடை, பிறகு உள்ளாடை, கையுறை, காலுறை, கடைசியில் ஷூவின் உள்துணி, தையல் நூல், லேஸ் வரைக்கும் அதுவே வந்துவிட்டது. மென்மையான தோலில் தொடங்கிய ஷூ இப்படித்தான் தீத்தடுப்பு உடையின் ஒரு பாகமாக மாறியது. கணுக்கால் வரை உயரமாக இருப்பதும் இதனால்தான்: மேலுடையின் கால்முனை ஷூவின் மேல் வந்து மூட வேண்டும், நடுவே ஒரு விரல் அகலத்துக்குக்கூடத் தோல் தெரியக் கூடாது.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். ரோமன் குரோஜானின் ஃபார்முலா ஒன் கார் தடுப்பைத் துளைத்து இரண்டாகப் பிளந்து எரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 27 நொடி அந்த நெருப்புக்குள் இருந்தார். அவர் வெளியே வந்தபோது இடது காலில் ஷூ இல்லை. கால் பெடல் பக்கம் சிக்கிக்கொண்டது, இழுத்த இழுப்பில் ஷூ அங்கேயே நின்று கால் மட்டும் வந்தது. அந்தக் கணத்திலிருந்து அந்தக் காலுக்கு மிஞ்சியிருந்தது காலுறை ஒன்றுதான். ஷூவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு உள்ளே பனியன் கடை நைலான் சாக்ஸ் போடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஷூவோடு ஒரு ஜோடி நோமெக்ஸ் காலுறையையும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டுக்கும் ஒரே பட்ஜெட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு விஷயத்தில் கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது, முத்திரைதான் பேசும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் தரம் 8856 என்ற எண், அதற்குப் பின்னால் 2000 அல்லது 2018 என்று ஆண்டு. 2018 புதியது, இன்றைக்குப் புதிதாக வாங்குபவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பந்தயங்களில் எஸ்.எஃப்.ஐ. என்ற அமைப்பின் தரம், எஸ்.எஃப்.ஐ. 3.3 என்று போட்டிருக்கும். நீங்கள் கார் ஓட்டப் போகும் போட்டி இருங்காட்டுக்கோட்டையில் நடந்தாலும் செட்டிப்பாளையத்தில் நடந்தாலும், அந்த வருட விதிப்புத்தகத்தில் ஷூவுக்கு எந்தத் தரம் கேட்கிறார்கள் என்று முதலில் படியுங்கள், பிறகு பர்ஸை எடுங்கள். நான் அதை மாற்றிச் செய்தேன். ஆன்லைனில் பாதி விலைக்கு ஒரு ஜோடி கிடைத்தது, படத்தில் பெரிய ரேஸ் ஷூவேதான். கையில் வந்தபோது ஓரம் சரி, குதிகால் சரி, தரச் சீட்டை மட்டும் எங்கே தேடியும் காணோம். உள்ளே துணியின் ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒரு நூலை வெட்டியெடுத்து, வாசலில் வைத்து இடுக்கியில் பிடித்து லைட்டரைக் காட்டினேன். சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி நின்றது. பாலியெஸ்டர். அதைத் திருப்பி அனுப்பிப் பணம் வாங்க ஒரு மாதம் ஆனது.

இதே இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டிரைவிங் ஷூ என்று கடைகளில் விற்கும் மொக்காசின், அடியிலும் குதிகாலிலும் ரப்பர் குமிழ் குமிழாக இருக்குமே, அது வேறு கிளை. 1963-ல் ஜியான்னி மோஸ்டிலே என்ற இத்தாலியர் அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கி கார் ஷூ என்ற பெயரில் விற்றார். பின்னால் டாட்ஸ் நிறுவனம் அதே வகையை 133 குமிழ்களோடு உலகம் முழுக்கப் பரப்பியது. ரோட்டில் கார் ஓட்ட அருமையான செருப்பு, பெடல் நன்றாகத் தெரியும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கணுக்கால் திறந்திருக்கிறது, தீத்தடுப்பு எதுவும் கிடையாது, இழுத்தால் கழன்று வந்துவிடும். பந்தயத்துக்கு அது ஆகாது.

கார்ட்டிங் மட்டும் ஓட்டுபவர்களுக்கு நல்ல செய்தி: உங்களுக்கு நெருப்புத் தரம் தேவைப்படாது, கார்ட்டில் உங்களைச் சீட்டோடு கட்டிவைக்க பெல்ட் கிடையாது, அதனால் தீக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து குறைவு. அதற்கென்றே தனி ஷூ வருகிறது, விலையும் குறைவு. அதில் கணுக்கால் பக்கம் பஞ்சு வைத்திருக்கிறார்களா, தண்ணீர் தெறித்தால் தாங்குமா என்று பாருங்கள். ராலியில் வழிகாட்டியாகப் பக்கத்தில் உட்காருபவர் என்றால் கதை தலைகீழ்: அவர் பெடலை மிதிப்பதில்லை, டயர் பஞ்சரானால் கல்லிலும் சேற்றிலும் இறங்கி ஓட வேண்டும். அவருக்குத் தடித்த, பிடிமானமான சோல்தான் சரி, தரமும் இருக்க வேண்டும்.

சைஸ் பார்க்கும்போது சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காரின் சூட்டிலும் அப்படித்தான் வீங்கும். நோமெக்ஸ் காலுறையைக் கையோடு எடுத்துப் போய் அதைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பெருவிரல் நுனிக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு நகம் அளவு இடம் போதும். "கொஞ்சம் பெரிசா எடுத்துக்கோ, அப்புறம் சரியா இருக்கும்" என்று வீட்டில் பள்ளி ஷூவுக்குச் சொல்வார்களே, அந்தப் பேச்சை இங்கே கேட்காதீர்கள். நீண்ட மூக்கு, பெடலின் மேல் தண்டில் போய் இடிக்கும். லேஸைக் கட்டும்போது பாதத்தின் மேல்பகுதியில் இறுக்கமாக, கணுக்கால் பக்கம் கொஞ்சம் தளர்த்தி. கால் முன்னும் பின்னும் மடங்க இடம் வேண்டும். லேஸின் காதுகளை வெளியே தொங்கவிடாதீர்கள், மேலே பட்டை இருந்தால் அதன் அடியில் செருகிவிடுங்கள். பெடலில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கியாயிற்று. இனி அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே நடக்காதீர்கள். காரேஜ் தரையில் எண்ணெயும் பெட்ரோலும் இருக்கும், மெல்லிய சோல் அதை அப்படியே வாங்கிக்கொண்டு பெடலில் கொண்டுபோய் வைக்கும். கார் வரைக்கும் சாதாரணச் செருப்பில் போய், ஏறும்போது மாற்றுங்கள். முடியாவிட்டால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போய், சீட்டில் உட்கார்ந்ததும் கழற்றுங்கள். மழை நாளில் பெரிய பெரிய அணிகளே ஓட்டுநர் ஏறும்போது சோலைத் துண்டால் துடைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஸ்வேட் தோலுக்கு மெழுகு பாலிஷ் போடக் கூடாது, மெழுகு எரியும். காய்ந்த பிரஷ் போதும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் தோல் விறைத்துப்போய் அந்தக் கையுறை மென்மை திரும்ப வராது.

சோல் தேய்ந்துபோனால் தெருமுனையில் கொடுத்து ரப்பர் ஒட்டித் தரச் சொல்லத் தோன்றும். செய்யாதீர்கள். எந்தப் பசை, எந்த ரப்பர், எந்த நூல் என்று தெரியாத ஒன்று உள்ளே போய்விட்டால் உள்ளே இருக்கும் தரச் சீட்டுக்கு அர்த்தமில்லை, பரிசோதனையில் கண்டுபிடித்தால் போட்டியிலும் விடமாட்டார்கள். தேய்ந்ததைப் பயிற்சிக்கு, சிமுலேட்டருக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். என் பழைய ஜோடி இப்போது அதற்குத்தான் பயன்படுகிறது. வலது ஷூவில், சுண்டுவிரலுக்குச் சற்றுக் கீழே, ஆக்ஸிலேட்டரைத் தட்டித் தட்டித் தோல் வழவழவென்று ஆகி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளக்கிறது.